ஏரியும் எழுத்தும் இருந்த ஊர்கள்: வில்லியனூரிலிருந்து பாகூர் வரை



புதுச்சேரி என்றால் எல்லோருக்கும் கடற்கரைச் சாலை, காந்தி சிலை, மஞ்சள் பூசிய பிரெஞ்சு வீடுகள், மதில்மேல் படர்ந்த காகிதப்பூ ஆகியவைதான் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு வந்துவிட்டால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற கார்கள் அந்த நாலைந்து தெருக்களையே சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அழகான தெருக்கள்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர் அங்கே கால் வைத்தது 1674-இல். நான் இன்று உங்களை அழைத்துப் போகிற ஊர்களில் அதற்கும் எண்ணூறு ஆண்டுக்கு முன்பே பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறார்கள். நகரத்துக்குச் சோறு போட்ட வயல்களும் அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகளும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஊர்களுக்குப் போகாமல் திரும்புகிறவர் புதுச்சேரியைப் பார்த்தவர் ஆகமாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இந்த நாட்டுப்புறத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரே துண்டாக இருக்காது. தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும். 1749-ஐ ஒட்டி ஆர்க்காட்டு நவாபு சந்தா சாகிபு பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு வில்லியனூர், பாகூர்ச் சீமைகளைக் கொடுத்தார். பிறகு நடந்த போர்களில் இவை கை மாறின. கடைசியில் 1816-இல் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தபோது எந்தெந்தக் கிராமம் பிரெஞ்சுக் கணக்கில் இருந்ததோ அது மட்டும் வந்தது, பக்கத்துக் கிராமம் ஆங்கிலேயரிடமே நின்றது. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. பேருந்தில் போகும்போது ஒரு வாய்க்காலைத் தாண்டுவீர்கள், தமிழ்நாடு. இன்னொரு வயலைத் தாண்டுவீர்கள், மறுபடியும் புதுச்சேரி. கடைப் பெயர்ப்பலகையில் இருக்கும் முகவரியை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க வேண்டும். 1880-இல் பிரெஞ்சு அரசு ஏற்படுத்திய கொம்யூன் என்ற உள்ளாட்சி அமைப்பும் அதன் பெயரும் இன்றுவரை நீடிக்கின்றன. வரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் இங்குள்ளவர்கள் "கொம்யூன் ஆபீசுக்கு"த்தான் போகிறார்கள். வில்லியனூர் ஒரு கொம்யூன், பாகூர் இன்னொன்று.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் போனால் வில்லியனூர். 1879-இல் போட்ட ரயில் பாதையும் இந்த ஊர் வழியாகத்தான் விழுப்புரம் போகிறது. இப்போது இதைக் கிராமம் என்று சொல்ல முடியாது. கடைவீதி நெரிசலும் கல்யாண மண்டபங்களுமாகச் சிறு நகரமாகிவிட்டது. ஆனால் திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரத்தைக் கண்டதும் ஊரின் பழைய உருவம் புலப்படும். சோழர் காலக் கோயில். இறைவி கோகிலாம்பாள். பிள்ளைப்பேறு வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் சுற்று வட்டாரத்துப் பெண்கள் இந்த அம்மனிடம் வருகிறார்கள்.

இந்தக் கோயிலின் தேர்த் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே நேரில் வந்து வடம் பிடித்துத் தேரை நிலையிலிருந்து கிளப்பிவைப்பார். ஆட்சி மாறியது, வழக்கம் மாறவில்லை. இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் தொடுகிறார், அதன் பிறகு ஊர் இழுக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆள வந்த ஒருவர் ஊர்த் தேரின் கயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதில் இந்த ஊர்க்காரர்களின் செல்வாக்குத் தெரிகிறது. அதிகாரம் யாரிடம் இருந்தாலும் தேர் நாளில் அவர் நம் வீதிக்கு வந்தாக வேண்டும் என்று இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

கோயிலிலிருந்து சிறிது தூரத்தில் லூர்து அன்னை திருத்தலம். பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858-இல். இருபது ஆண்டு முடிவதற்குள், 1877-இல், வில்லியனூரில் அந்த அன்னைக்குக் கோயில் எழுந்துவிட்டது. சுரூபம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. தேவாலயத்துக்கு முன்னால் படிக்கட்டு வைத்த குளம் இருக்கிறது. திருக்குளம் இல்லாமல் கோயில் ஏது என்ற நம் ஊர் மனம் மாதா கோயிலிலும் குளத்தைக் கொண்டுவந்துவிட்டது. லூர்து ஊற்றின் நீரைக் கொண்டுவந்து இதில் கலந்திருக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் ஆண்டுப் பெருவிழாவில் தேர்ப்பவனி வருகிறது. அந்த நாட்களில் குளக்கரையில் நின்று பார்த்தால் தலையில் பூ வைத்து, நெற்றியில் குங்குமம் இட்ட பெண்களும் மெழுகுதிரி ஏற்றுவதைக் காணலாம். சுல்தான்பேட்டைப் பக்கம் முஸ்லிம்கள் நிறைய வாழ்கிறார்கள். மூன்று சமயத்தாரும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிற ஊர் இது.

வில்லியனூரில் நான் அதிகம் தங்கிப் பார்க்கச் சொல்வது குயவர்களின் பட்டறைகளை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இங்கே வேலை செய்யும் சுடுமண் சிற்பி வி. கே. முனுசாமி கிருஷ்ணபக்தருக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. மண்ணைக் கரைத்து, கல்லும் வேரும் போக வடித்து, காலால் மிதித்துப் பதமாக்குகிறார்கள். ஐயனார் குதிரை போன்ற பெரிய உருவத்தை ஒரே மூச்சில் செய்ய முடியாது. கால், வயிறு, கழுத்து என்று பகுதி பகுதியாகக் கட்டி, ஒவ்வொன்றும் ஓரளவு இறுகிய பிறகுதான் அடுத்ததை ஏற்ற வேண்டும். உள்ளே கூடாக விட வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். நிழலில் உலர்த்தும் நாட்களில் அவசரப்பட்டால் விரிசல் விடும். இத்தனைக்கும் பிறகு விலை கேட்கிற இடத்தில் நாம் பேரம் பேசுகிறோம். தயவுசெய்து பேசாதீர்கள்.

இந்த மண் வேலைக்கும் ஆற்றுக்கும் உறவு உண்டு. வில்லியனூரை ஒட்டி ஓடுகிற ஆறு சங்கராபரணி. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, இங்கே வந்து, பிறகு கிளை பிரிந்து கடலில் சேர்கிறது. ஒரு கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சூளைகளில் சுட்ட சிவப்பு மெருகுப் பாண்டங்களின் துண்டுகள் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக் கணக்கு ஒன்று அமைந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இத்தாலியக் குயவன் கைபட்ட தட்டு வந்து இறங்கிய அதே ஆற்றின் மேல்பகுதியில் இன்றும் சூளை புகைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆற்றங்கரையோடு போனால் திருக்காஞ்சி. கங்கைவராகநதீசுவரர் கோயில் நீரை ஒட்டியே நிற்கிறது. "காசியினும் வீசம் கூட" என்று இவ்வட்டாரத்தில் சொல்வார்கள். காசியைவிடப் புண்ணியம் வீசம் அளவாவது அதிகம் என்ற நம்பிக்கை. மாசி மகத்தன்று சுற்றியுள்ள ஊர்களின் சாமிகள் இங்கே தீர்த்தவாரிக்கு வருகின்றன. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்களால் படித்துறை நிறைந்துவிடும். மற்ற நாட்களில் கூட்டம் இருக்காது. அப்படி ஒரு நாளில் போவதையே நான் விரும்புவேன்.

வடக்கே ஊசுட்டேரியையும் ஒரு காலை நேரத்தில் பாருங்கள். புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. இதன் ஒரு பாதி புதுச்சேரியில், மறு பாதி தமிழ்நாட்டில். புதுச்சேரி தன் பங்கை 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது, தமிழ்நாடு தன் பங்கைப் பின்னர் அறிவித்தது. நாமக்கோழிக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் இந்த விவரம் தெரியாது, அவை இரண்டு பக்கமும் மேய்ந்துகொண்டிருந்தன. மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம்.

இனித் தெற்கே திரும்புவோம். வில்லியனூரிலிருந்து பாகூருக்கு உள்நாட்டுச் சாலை ஒன்று மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகிறது. கடலூர் நெடுஞ்சாலையில் போய்க் கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் சீக்கிரம் போய்விடலாம். ஆனாலும் இந்த வழியே வாருங்கள். கரும்பு, நெல், நடுவே தென்னந்தோப்பு, மறுபடி நெல் என்று மாறி மாறி வரும்.

வழியில் விலகிக் கீழூர் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் இங்கேதான் தீர்மானமானது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிராக 8 பேர். இரண்டு வாரத்தில், நவம்பர் 1-ஆம் தேதி, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல்தான் முழுமையடைந்தது. நகரத்து மாளிகைகளை விட்டுவிட்டு எல்லையோரக் கிராமம் ஒன்றில் இந்த வாக்கெடுப்பு நடந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கம் கொம்யூனில்தான் விடுதலை பெற்ற பகுதியின் தற்காலிக அரசு அமைந்தது. போராட்டத்தின் கடைசி மாதங்களை முன்னே இழுத்துச் சென்றவை கொம்யூன் கிராமங்கள். கீழூரில் நினைவு மண்டபமும் நினைவுத் தூணும் இருக்கின்றன. ஆகஸ்டு 16-இல் அரசு சார்பில் கொடியேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் பயணிகள் யாரும் வருவதில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்கள் கடற்கரையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு இங்கே வரலாம்.

பாகூரை நெருங்கும்போது சேலியமேடு வரும். கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர். அவர் 1915-இல் வில்லியனூரில் பிறந்தார், பாரதிதாசனின் மாணவர், பிரெஞ்சு மொழியும் கற்ற ஆசிரியர், செவாலியர் விருது பெற்றவர். இயற்கையைப் பாடிய கவிஞர் என்று அவரைத் தமிழ்நாட்டின் வேர்ட்ஸ்வொர்த் என்பார்கள். நாம் வந்த பாதை அவருடைய வாழ்க்கைப் பாதைதான், பிறந்த வில்லியனூரிலிருந்து வாழ்ந்த சேலியமேடு வரை. அவர் பாட்டில் வருகிற வரப்பும் வாய்க்காலும் நாரையும் எங்கிருந்து வந்தன என்பது இந்தச் சாலையில் வந்தவருக்கு விளங்கும்.

இப்போது பாகூர். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொண்டதே பாகூரைப் பற்றிச் சொல்வதற்காகத்தான்.

ஊர் நடுவே மூலநாதர் கோயில். இறைவி வேதாம்பிகை. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சோழர் காலக் கற்றளி. உயரத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள், தஞ்சாவூர் போல அண்ணாந்து பார்க்க வைக்கும் கோயில் இது இல்லை. குனிந்து பார்க்க வேண்டும். விமானத்தின் அடித்தளத்தில் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்குகிற சிற்பங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஆடுகிறவர்களின் கால் மடக்கும் கை வீச்சும் அந்தச் சின்னஞ்சிறு சதுரத்துக்குள் துல்லியமாக நிற்கின்றன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போதுதான் இவை நன்றாகத் தெரியும். சுவரெங்கும் கல்வெட்டு. சோழர் பெயர்களோடு வடக்கே இருந்து படையெடுத்து வந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயரும் வருகிறது. பத்தாம் நூற்றாண்டில் இந்தச் சீமை எப்படிக் கை மாறியது என்பதற்கு இந்தச் சுவரே சாட்சி. இவற்றையும் புதுச்சேரியின் மற்ற ஊர்க் கல்வெட்டுகளையும் ஊர் ஊராக அலைந்து படியெடுத்தவர் இந்த மண்ணின் மைந்தரான பாகூர் குப்புசாமி. அவர் தொகுத்ததைக் கல்வெட்டறிஞர் விஜயவேணுகோபால் பதிப்பிக்க, பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2006 முதல் நூலாக வெளியிட்டது. ஒரு நிலப்பகுதி முழுவதன் எழுத்தையும் ஓர் ஊர்க்காரர் சேர்த்துக்கொடுத்திருக்கிறார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

எழுத்து என்றதும் செப்பேட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1879-இல் பாகூரில் ஐந்து செப்பேடுகள் வளையத்தில் கோத்தபடி கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் தன் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், வெளியிட்ட ஆணை அது. வடமொழியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாய் வாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு உரியது என்கிறது அந்த ஆணை. அன்று இந்த ஊர் வாகூர். வித்தியாஸ்தானம் என்பது உயர்கல்விச் சாலை. வேதங்கள், அவற்றின் அங்கங்கள், நியாயம், மீமாம்சை என்று பதினான்கு துறைகள் அதில் அடங்கும் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். படித்தவர்கள் அந்தணப் பிள்ளைகள். எல்லோருக்கும் திறந்த கதவாக அது இருந்திருக்க முடியாது. அதைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். ஆனாலும் மூன்று ஊர்களின் விளைச்சல் ஒரு படிப்புச் சாலைக்குப் போகும் என்று செம்பில் வெட்டிக் கொடுத்த நாடு இது.

கல்லூரி பாகூரில் மட்டும் இல்லை. மேற்கே மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனைப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசாதிராசன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் ஊர் வாரியப் பணிகளில் இருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள், படிப்புக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்றுதான். ஒரு மிதிவண்டியில் ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய இந்தச் சிறு நிலத்தில் இப்படி இரண்டு கல்லூரிகள்.

பாகூர்ச் செப்பேடுகள் இப்போது பாரிசில் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. மூலம் திரும்பி வர எத்தனை காலம் ஆகுமோ. அதுவரைக்கும் அவற்றின் நல்ல அச்சு ஒன்றை, தமிழ்ப் பகுதியை எளிய உரையோடு, பாகூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அன்றாடம் கடந்து போகிற இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் ஊரில் கல்லூரி நடந்தது என்று படிக்கிற ஒரு பெண் குழந்தைக்கு அது எவ்வளவு தெம்பைக் கொடுக்கும்.

இந்த ஊர் சண்டையையும் பார்த்திருக்கிறது. 1752 செப்டம்பர் 6-ஆம் தேதி ஆங்கிலேயத் தளபதி லாரன்சு, டூப்ளேவின் உறவினரான கெர்ஜானின் படையைப் பாகூருக்கு அருகில் தோற்கடித்தார். கெர்ஜான் சிறைப்பட்டார்.

அத்தனை படைகளும் இந்தச் சீமையை ஏன் விரும்பின? ஏரிக்கரைமேல் ஏறினால் தெரியும். பாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய பிறகு கரைமேல் நடந்தால் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை நெல். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் விளைகிற மண். இந்த ஏரி தன் ஆயக்கட்டுக்கு மட்டும் பாய்வதில்லை, நிரம்பியதும் கீழே உள்ள சின்ன ஏரிகளுக்கும் தண்ணீர் தருகிறது. புதுச்சேரிப் பகுதியில் இப்படி 84 ஏரிகள் உண்டு, ஒன்றோடொன்று வாய்க்காலால் பிணைந்தவை அவற்றில் பல.

ஏரிக்குத் தண்ணீர் வருவது பங்காரு வாய்க்கால் வழியாக. தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து வருகிறது. அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில், நிரம்புகிற ஏரி புதுச்சேரியில். இந்த வாய்க்காலை வெட்டியவர்கள் சிங்காரி, பங்காரி என்ற அக்கா தங்கைகள், ஆடல் மகளிர், தங்கள் சொத்தை எல்லாம் செலவிட்டு வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை. நகரத்துக்கும் இதே போன்ற கதை ஒன்று உண்டு. முத்திரப்பாளையத்தில் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதை. 1863-இல் பொறியாளர் லமெரெஸ் அந்த ஊரின் ஊற்றிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார், ஆயி மண்டபம் அந்த நினைவில் நிற்கிறது. ஆயிக்கு நகரத்தின் நடுப்பூங்காவில் வெள்ளை மண்டபம் கிடைத்தது. சிங்காரி, பங்காரிக்கு வாய்க்காலே நினைவுச் சின்னம். நெல் விளைகிற வரைக்கும் அவர்கள் பெயரை ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் நிலக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து பணம் போட்டு ஏரியையும் வாய்க்காலையும் கவனித்தார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறபோது மதகைப் பற்றி யாருக்குக் கவலை? சங்கங்கள் தளர்ந்தன, வரத்து வாய்க்கால் தூர்ந்தது. கடலோரம் என்பதால் நிலத்தடி நீர் இறங்க இறங்க உப்பு ஏறுகிற அபாயமும் சேர்ந்துகொண்டது. தொண்ணூறுகளின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு 84 ஏரிகளையும் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது. உழவர்களை மறுபடி சங்கமாக்கி, அவர்கள் கையிலேயே ஏரியைக் கொடுப்பது அதன் நோக்கம். சில ஊர்களில் நன்றாக நடந்தது, சில ஊர்களில் திட்டம் முடிந்ததும் ஓய்ந்தது. ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியையும் கரை பலமாக இருக்கிற ஏரியையும் ஒரே நாளில் நீங்கள் பார்க்க முடியும். எந்த ஊரில் சங்கம் உயிரோடு இருக்கிறது என்பதைக் கரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து வில்லியனூருக்கும் பாகூருக்கும் நகரப் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. இந்த ஊர்களுக்கு இடையே போக இரு சக்கர வண்டிதான் வசதி. கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், அதனால் காலையில் வில்லியனூரும் திருக்காஞ்சியும், பகலில் கீழூரும் சேலியமேடும், நாலு மணிக்கு மேல் பாகூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிற்ப வரிசைக்குத் தேவையான வெயிலும் அப்போதுதான் கிடைக்கும். நேரம் இருந்தால் மறுநாள் சொர்ணாவூர் வரை போய் அணைக்கட்டைப் பாருங்கள். தென்பெண்ணையில் தண்ணீர் வருகிற மாதமாக இருந்தால், மதகு வழியாகப் பங்காரு வாய்க்காலுக்குள் நீர் திரும்புவதை அங்கே காணலாம். அங்கிருந்து பாகூர் ஏரி வரை வாய்க்காலை ஒட்டியே வண்டியில் வரலாம். வழியில் எந்த இடத்தில் மாநிலம் மாறியது என்று கேட்டால், நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து கை நீட்டிக் காட்டுவார்கள்.